குத்தாலம் பஸ் ஸ்டாண்டில் நீ கேட்ட கேள்வி

பாப்பா,

எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் உன் அம்மா சிரிப்பாள். காலையிலிருந்து நாலு வரி எழுதுவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். மிஷின் கொட்டகைக்குப் போகிறேன், அங்கே ஒரு வேலையும் இல்லை, திரும்பி வருகிறேன். அறுப்பு மிஷினின் பெல்ட்டையெல்லாம் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, தார்ப்பாய் போர்த்தி வைத்தாயிற்று. சம்பா முடிந்து, உளுந்தும் எடுத்தாயிற்று. ஆற்றில் மணல்தான் கிடக்கிறது. மேட்டூர் திறந்து, குறுவை நட்டு, அது முற்றுகிற வரைக்கும் எனக்குப் போன் செய்ய ஒருத்தருக்கும் அவசியம் இல்லை. இந்தச் சித்திரை வைகாசியில் நான் எப்போதுமே கொஞ்சம் நிலைகொள்ளாமல்தான் திரிவேன். இந்த வருஷம் அது அதிகம், ஏனென்றால் திங்கட்கிழமை நீ சென்னைக்குப் போகிறாய். "எழுதப் போறீங்களா, நடந்துக்கிட்டே இருக்கப் போறீங்களா? தரை தேஞ்சிரும்" என்று அம்மா கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ கும்பகோணத்துக்குப் பெட்டி வாங்கப் போயிருக்கிறாய். நீ வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நேரில் சொல்ல வந்தால் உன் முகத்தைப் பார்ப்பேன். பார்த்தால் என் வாயிலிருந்து "நல்லாருக்கு பாப்பா" என்பதுதான் வரும். அந்த வார்த்தையை நீ தை மாதத்திலிருந்து நம்புவதில்லை. கோபமாக இருந்தால்கூடத் தேவலை. நீ என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டாய். நேற்று கட்டிலில் சுடிதார்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எதை எடுத்துப் போகலாம் என்று அம்மாவைக் கேட்டாய், பால் ஊற்ற வந்த பெண்ணைக் கேட்டாய், வீடியோ காலில் உன் சிநேகிதியைக் கேட்டாய். நான் அந்த வழியாக மூன்று நாலு தடவை போய் வந்தேன். என்னைக் கேட்கவில்லை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை, பெற்ற அப்பனிடம் மட்டும் ஒன்றும் கேட்காமல் ஊரை விட்டுப் போகப் போகிறது. எனக்கு அது தாங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கடைசி வருஷப் படிப்புக்கு ஒரு பாட்டு வீடியோ எடுக்க வேண்டும் என்று நீ சொன்ன நாள் நினைவிருக்கிறது. உன் கூடப் படிக்கும் பையன் மெட்டுப் போட்டிருந்தான். ஒரு பெண் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி, வயல் வழியாக நடந்து, பஸ் ஏறிப் போகிறாள். அவ்வளவுதான் கதை என்றாய். அதைப் பாதி எடுத்ததும் நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, அதன்படி திருத்த வேண்டுமாம். பார்வையாளர் ஆய்வு என்று அதற்குப் பெயர் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. எடுக்கிறவர் எடுக்க வேண்டியது, பார்க்கிறவர் பார்க்க வேண்டியது, நடுவில் ஆய்வு எதற்கு என்றேன். "நான் என்ன சொல்ல நெனைக்கிறேன்னு எனக்குத் தெரியும்பா. அவங்களுக்கு என்ன கேக்குதுன்னு அவங்களைக் கேட்டாதான தெரியும்" என்றாய். அப்போது எனக்கு அது புரியவில்லை. ஆனால் உனக்குப் பதில் சொல்ல ஆட்கள் வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. ஆட்களுக்கா பஞ்சம், அப்பா இருக்கிறேன் கவலைப்படாதே என்று நான் மார்தட்டிக்கொண்டேன்.

அது தை அறுப்பு நேரம். அந்த நேரத்தில் என் வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியும். திருவிடைமருதூரிலிருந்து இந்தப் பக்கம் ஈர வயலில் இறங்குகிற பெல்ட் மிஷின் சொந்தமாக வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான். வெளியூர் மிஷின் வந்தாலும் என் மூலமாகத்தான் வரும். இன்றைக்கு யார் வயல், நாளைக்கு யார் வயல் என்பது என் போனில் இருக்கிறது. முதலில் சொன்னவருக்கு முதலில் என்று வெளியே சொல்லிக்கொள்வோம். ஆனால் மிஷின் உள்வயலுக்குப் போக வேண்டுமானால் முன்வயல் அறுத்திருக்க வேண்டும், வழி வேண்டும், வாய்க்கால் தாண்ட வேண்டும். அந்தச் சாக்கில் வரிசையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், யாரும் கேட்க முடியாது. வானம் வேறு மூடிக்கொண்டு இருந்தது. பழுத்த நெல் மழையில் சாய்ந்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட சமயத்தில், மிஷினுக்காகக் காத்திருக்கிறவர்களின் போனுக்கெல்லாம் உன் வீடியோவை நான் அனுப்பினேன். "நம்ம பொண்ணு எடுத்தது, பாத்துட்டு நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கூடவே பேசியும் அனுப்பினேன். நல்லதா என்று நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன், பார். அது தப்பென்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

பதில்கள் வந்து குவிந்தன. சூப்பர், அருமை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்த மாதிரி பாட்டு கேட்டதே இல்லை. நீ இரண்டு நாள் தரையில் கால் படாமல் திரிந்தாய். அப்புறம் சிலரை ஒன்றாக உட்கார வைத்துப் பேச வேண்டும் என்றாய். நான் கொட்டகையிலேயே ஏற்பாடு செய்தேன். டீயும் வடையும் வரவழைத்தேன். கலியபெருமாள் சித்தப்பாவும் ராணி சித்தியும் முன்னால் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் டிராக்டர் பெட்டியில் சாய்ந்துகொண்டார்கள். நீ போனில் பதிவு போட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தாய். நான் மிஷினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா பந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அந்த மாதிரி.

"பாட்டு எப்படி இருந்துச்சு சித்தப்பா?"

"ஏ ஒன்னு, தங்கம்."

"எந்த எடம் புடிச்சிச்சு?"

"எல்லா எடமும்தான். இதுல போயி எதைத் தனியா சொல்றது?"

"புடிக்காத எடம்னு ஏதாவது இருந்தா சொல்லுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"அப்படி ஒண்ணும் இல்லம்மா. அண்ணன் எடுத்த படத்துல குறை என்ன வரப்போவுது?"

"நான்தான் எடுத்தேன் சித்தப்பா."

"அதான் சொல்றேன், அண்ணன் பொண்ணு எடுத்தது."

ராணி சித்தி மட்டும் "எனக்கு அந்த நடந்து போற எடத்துல..." என்று ஆரம்பித்தாள். கலியபெருமாள் அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினான். "நல்லாருக்குன்னு சொல்லு" என்று பல்லுக்குள்ளே சொன்னான். அவளும் நல்லாயிருக்கு என்றாள். எனக்கு எல்லாம் கேட்டது. நான் வடைத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். எல்லோரும் எழுந்து போகும்போது கலியபெருமாள் உன் பக்கம் குனிந்து சொன்னதுதான் எனக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் நீ பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் அது வெளியே வந்தது. "அண்ணன்ட்ட ஒரு வார்த்தை சொல்லிரு தங்கம். வானம் கறுத்துக்கிட்டு வருது. நாளைக்கி காலையில மிஷினு நம்ம வயல்ல எறங்கிட்டா போதும், உன் பாட்டை ஊரு பூரா நான் போட்டுக் காட்டுறேன்."

நீ அதை நிறுத்தி, மறுபடி போட்டு, மறுபடி கேட்டாய். முகம் சுண்டிப்போனது. "அப்பா, இவங்க யாரும் பாட்டைப் பத்திப் பேசலப்பா. மிஷினைப் பத்திப் பேசியிருக்காங்க" என்றாய். நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். ஊர் ஜனம் பாசமாகச் சொல்வதை அப்படிப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றேன். நீ எல்லாப் பதிலையும் ஒன்று விடாமல் அழித்தாய். அத்தனையும் நல்ல பதிலாச்சே, வீணாக்குகிறாயே என்று நான் கத்தினேன். "நல்ல பதில் இல்லப்பா, உங்களுக்கு வேண்டிய பதில்" என்றாய். சாப்பிடாமல் எழுந்து போனாய். மறுநாள் காலையில் மிஷின் கலியபெருமாள் வயலில்தான் இறங்கியது. வழி அப்படி அமைந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அன்று மத்தியானம் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். நான் வயலில் மிஷினோடு இருந்த நேரமாகப் பார்த்து நீ ராணி சித்தி வீட்டுக்குப் போய், அடுப்படியில் அவளோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே திரும்பவும் கேட்டிருக்கிறாய். "கோவிச்சுக்காத பாப்பா, அந்தப் பொண்ணு வரப்புல நடக்குது நடக்குது, நடந்துக்கிட்டே இருக்குது. எனக்குத் தூக்கம் வந்துருச்சு" என்று அவள் சொன்னாளாம். நீ அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாயாம். வீட்டுக்கு வந்து, தூக்கம் வந்துவிட்டது என்ற அந்த ஒரு பதிலை அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாயாம். எனக்கு முதலில் கோபம் வந்தது. என் மகள் எடுத்ததைப் பார்த்துத் தூக்கம் வருகிறதா அவளுக்கு என்று. இவ்வளவு பேர் புகழ்ந்ததில் வராத சந்தோஷம் இதில் என்ன வந்தது உனக்கு என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

அதை அம்மாவிடம் கேட்டேன். "என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள். கீழ்வேளூரில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் ஆட்கள். என் பெரியப்பா சத்தமாகக் கேட்டார், பொண்ணுக்குச் சம்மதமா என்று. அவள் தலையை ஆட்டினாள். எல்லோரும் சர்க்கரை தின்றோம். அதைத்தான் இத்தனை வருஷமாக நான் பெருமையாகச் சொல்லி வருகிறேன், பார்த்ததுமே உன் அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று. "உங்க மூஞ்சிய நான் அன்னைக்குப் பாக்கவே இல்ல. எங்கப்பா வேட்டியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அவ்வளவு பேருக்கு நடுவுல கேட்டா வேற என்ன சொல்றதாம்?" என்றாள். சரி, இப்பவாவது சொல்லேன், பிடித்ததா இல்லையா என்றேன். "அதைக் கேக்க இவ்வளவு வருஷம் ஆயிருச்சா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பதில் சொல்லவில்லை, பாப்பா. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. உன் ஆய்வு என் வீட்டுக்குள்ளேயும் புகுந்து என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

அப்புறம்தான் நீ யாருக்கும் நம்மைத் தெரியாத ஊர்களுக்குப் போகிறேன் என்று கிளம்பினாய். மிஷின்காரர் மகள் என்று தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு, கேள்விகள் அச்சடித்த தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாய். கீழ்வேளூரில் மாமா வீடு இருக்கிறது, அங்கே போ என்றேன். மாமாவுக்கு உங்களைத் தெரியுமே என்றாய். குத்தாலத்துக்குப் போகிறாய் என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வயசுப் பெண் பஸ் ஸ்டாண்டில் நின்று முன்பின் தெரியாதவர்களிடம் போனை நீட்டுவதை நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாயவரத்தில் மிஷினுக்கு ஒரு பெல்ட் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன். பெல்ட் உண்மையிலேயே வாங்க வேண்டியிருந்தது. ஆனால் அன்றைக்கே வாங்க வேண்டியது இல்லை.

பழக்கடைக்குப் பக்கத்து பெஞ்சில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்குமாக நடந்துகொண்டிருந்தாய். ஒரு பையன் ஆரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஸ்கிப் பண்ணலாமாக்கா?" என்று கேட்டான். நீ ஏன் என்று கேட்டு, அவன் சொன்னதை எழுதிக்கொண்டாய். ஒரு அம்மா முழுதும் பார்த்துவிட்டு, இந்தப் பெண் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறாள் என்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஆள் "எவனையோ நம்பி ஓடுது, மூஞ்சியப் பாத்தாலே தெரியல?" என்றான். எனக்குச் சட்டென்று எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. நீ சிரித்த முகம் மாறாமல் "எதை வச்சு அப்படித் தோணுதுங்க?" என்று கேட்டாய். அவன் யோசித்துப் பதில் சொன்னான். அவனுக்கே தன்னை ஒருத்தர் மதித்துக் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிர்வு வந்ததைப் பார்த்தேன். அந்த நிமிஷம் நீ என் மகளாகத் தெரியவில்லை. எனக்குப் பழக்கமில்லாத, கெட்டிக்காரியான யாரோ ஒரு பெண்ணாகத் தெரிந்தாய். பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அப்புறம் நீ என் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாய். பேப்பருக்குக் கீழே உன் செருப்பு தெரிந்தது.

"சார், ரெண்டு நிமிஷம் ஒதுக்க முடியுங்களா?"

பேப்பரைத் தாழ்த்தினேன். உன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போனை என் கையில் கொடுத்தாய். நான் பார்த்தேன். பார்த்தேன் என்றால், கையில் பிடித்திருந்தேன். வெயில் திரையில் பட்டுக் கூசியது, சுற்றிலும் பஸ்களின் சத்தம். கண்ணாடி வீட்டில் இருந்தது. ஏதோ வெளிச்சமும் நிழலும் ஓடியது. முடிந்ததும் திருப்பிக் கொடுத்தேன்.

"எந்த எடத்துல உங்க கவனம் வேற பக்கம் போச்சுங்க?"

"எங்கயும் போவல. முழுசா பாத்தேன்."

"இந்தப் பொண்ணு எங்க போறான்னு நெனைக்கிறீங்க?"

"படிக்கத்தான். வேற எங்க போவப்போவுது."

"திரும்பி வருவாளா?"

"வருவா. கண்டிப்பா வருவா."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

நல்லாருக்கும்மா, ரொம்ப நல்லாருக்கு என்றேன். நீ எழுதிக்கொண்டு, "நன்றிங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாய். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். நீ எனக்கு ஜன்னலோரம் விட்டுக் கொடுத்தாய். ஆடுதுறை தாண்டிய பிறகு, "கண்ணாடி இல்லாம எப்படிப்பா பாத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாய். நான் வெளியே பார்த்தேன். "பரவால்லப்பா. உங்க பதிலைக் கணக்குல சேத்துக்கல" என்றாய். கோபம் இல்லாமல் சொன்னாய். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். நீ என்னை விட்டுவிட்டாய் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பெயர் தெரியாத மனிதர்கள் சொன்னதை வைத்து வெட்டினாய், ஒட்டினாய். வரப்பில் நடக்கிற இடத்தைப் பாதியாகக் குறைத்தாயாம். காலேஜில் பாராட்டினார்கள். வீடியோவைவிட நீ கேட்ட கேள்விகளைப் பார்த்துத்தான் சென்னையில் வேலை கொடுத்தார்கள் என்று அம்மா சொன்னாள். எந்த விளம்பரம் யாருக்குப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று ஜனங்களைக் கேட்டு எழுதும் வேலை. வேலை கிடைத்த செய்தியும் அம்மா மூலமாகத்தான் எனக்கு வந்தது. நான் உன்னிடம் வந்து, ஹாஸ்டல் எப்படி, சாப்பாடு எப்படி, அந்த ஏரியா எப்படி என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கேள்வியிலும் "போகலப்பா" என்ற பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். உனக்கு அது தெரியாமல் இருக்குமா? கேள்வி கேட்கிறவன் மனசில் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதானே உன் படிப்பு.

அப்பன் என்றால் ஏதாவது புத்திமதி சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்ததைச் சொல்கிறேன். காரியம் ஆக வேண்டியவனிடம் அபிப்பிராயம் கேட்காதே, அவன் உன் பாட்டைப் பார்க்க மாட்டான், உன் கையில் இருக்கிற சாவியைப் பார்ப்பான். கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனைவியைக் கேட்காதே. நாளைக்கு நீயே பெரிய இடத்துக்கு வருவாய், உன் பதிலுக்காக நாலு பேர் காத்திருப்பார்கள். அப்போது உன்னைச் சுற்றி எல்லோரும் நல்லாருக்கு என்று சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் வானத்தைப் பார், மழை வருகிற மாதிரி இருக்கிறதா என்று. அப்புறம், வேலைக்கு நடுவில் சாப்பிடு. இதையெல்லாம் எழுதிவிட்டு மறுபடி கொட்டகைக்கு ஒரு நடை போய்விட்டு வந்தேன். சொல்ல வந்தது இன்னும் சொல்லவில்லை.

இன்றைக்கு மத்தியானம், நீ கிளம்பிப் போன பிறகு, அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்கட்டில் உட்கார்ந்து உன் வீடியோவைப் பார்த்தேன். முதல் தடவையாக, பாப்பா. ஊரையெல்லாம் பார்க்கச் சொன்ன நான் அதுவரைக்கும் பார்க்கவில்லை. முதல் நாள் நீ காட்டியபோதே அந்தப் பெண் கையில் பையோடு வாசல் தாண்டுகிறாள், எனக்கு அதற்கு மேல் பார்க்கப் பிடிக்கவில்லை. போன் வந்த மாதிரி எழுந்து போய்விட்டேன். அப்புறம் சாமர்த்தியமாக மற்றவர்களைப் பார்க்க வைத்தேன். இப்போது பார்த்ததற்குப் பதில் சொல்கிறேன். நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

எந்த இடத்தில் என் கவனம் வேறு பக்கம் போனது? அவள் வயலுக்குள் இறங்கியதுமே போய்விட்டது. யாரோ கொட்டகையில் மிஷினைக் கிளப்பிவிட்டார்கள் என்று போனைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். பெல்ட் இல்லாத மிஷின் எப்படி ஓடும் என்றுகூடத் தோன்றவில்லை. அங்கே தார்ப்பாய் போர்த்தியபடியே இருந்தது. திரும்பி வந்தால் உன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு அடியில் என் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. தையில் ஒரு பெல்ட் தேய்ந்து கீச்சென்று கத்திக்கொண்டிருந்ததே, அந்தக் கீச்சுச் சத்தம்கூட இருக்கிறது, தாளத்தோடு சேர்ந்து. அறுப்பு நடக்கும்போது நீ மிஷின் பக்கத்தில் கையை உயர்த்திப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தூசியில் நிற்காதே, என்ன போன் வேண்டிக்கிடக்கிறது என்று எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினேன். இதற்குத்தான் நின்றாயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எழுத வந்தேன். நான் எப்போது கேட்டேன், நீ சொல்வதற்கு.

திரும்ப முதலிலிருந்து போட்டேன். அம்மாவும் வந்து பின்னால் நின்றுகொண்டாள். நடு இடம் எனக்கு இன்னும் நீளமாகத்தான் படுகிறது, ராணி சொன்னது சரி. அந்தப் பெண் எங்கே போகிறாள்? படிக்கப் போகவில்லை. அவளுக்கே சரியாகத் தெரியாத ஒரு இடத்துக்குப் போகிறாள், ஆனால் போக வேண்டும் என்று அவளுக்கு நிச்சயமாக இருக்கிறது. பஸ் திரும்பி மறைந்த பிறகும் காலி ரோட்டையே காட்டிக்கொண்டிருக்கிறாய். மிஷின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அப்புறம் நிற்கிறது. பிடித்ததா என்றால், பிடிக்கவில்லை, பாப்பா. அது உன் வீடியோவின் குறையா, என் குறையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிப்பது உன் வேலை.

மூன்றாவது கேள்விக்குத்தான் காலையிலிருந்து நடந்துகொண்டிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டேன், இவள் திரும்பி வருவாளா என்று. "வந்தா வரட்டும். வரலன்னா நாம போயிப் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. குத்தாலத்தில் கண்டிப்பாக வருவாள் என்றேனே, அது அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னது இல்லை, உன்னைக் கெஞ்சியது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லாமல், யாரிடமும் ஒரு காரியமும் ஆக வேண்டியிராமல் சொல்கிறேன்: தெரியாது. அவள் திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது.

தெரு முனையில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. நீயாகத்தான் இருக்கும். பெட்டி எப்படி இருக்கிறது என்று ஒருவேளை என்னைக் கேட்டாலும் கேட்பாய். கேள். தெரியாது என்ற இந்த ஒரு பதிலை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்.

அப்பா